காற்றில் நின்ற வண்டி

ஜெப்சனுக்கு அன்றைக்கு ராஜாக்கமங்கலத்துக்குப் போக மனசே இல்லை. ராத்திரி முழுக்க மழை. பார்வதிபுரத்தில் அவனும் அனில்குமாரும் சேர்ந்து நடத்தும் ஷெட்டில் இரண்டு வண்டிகள் பிரித்துப் போட்டபடி கிடந்தன. ஆனால் போன் பண்ணிய பெண்ணின் குரலில் ஒரு தவிப்பு இருந்தது.

“வண்டி ஒரு பக்கமா சரிஞ்சு நிக்கு அண்ணே. காலை மடக்கிட்டுப் படுத்த மாடு மாதிரி கெடக்கு. அவரு கத்தார்ல இருந்து நேரத்துக்கு நேரம் கேக்காரு. ஒண்ணு வந்து பாத்துட்டுப் போங்கோ.”

ஜெப்சன் ஷார்ஜாவில் பல வருஷம் ஜெர்மன் கார்களை மட்டும் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். இந்த மாவட்டத்தில் அந்த வண்டிகளுக்கு கம்பெனி சர்வீஸ் கிடையாது. திருவனந்தபுரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நகரவே மறுக்கும் வண்டியை அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவது? அதனால் மார்த்தாண்டம் தொடங்கி கடற்கரை வரைக்கும், அப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரிடமும் அவன் நம்பர் இருந்தது. ஸ்கேனர், லேப்டாப், ஜாக், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஒரு ஸ்டாண்ட் எல்லாவற்றையும் ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு அவன் கிளம்பினான். இன்னொரு ஸ்டாண்ட் ஷெட்டில் ஒரு வண்டிக்கு அடியில் இருந்தது. பார்க்கத்தானே போகிறோம் என்று அதை எடுக்கவில்லை.

வீடு கடலுக்குக் கிட்டத்தில், தென்னந்தோப்பை ஒட்டி இருந்தது. புது வீடு. போர்ட்டிகோவில் சிமெண்டுக் கற்களைக் கோத்துப் பாவியிருந்தார்கள். அதன்மேல் அந்தக் கறுப்பு வண்டி, முன்பக்கத்து இடது மூலை தரையைத் தொடுகிற மாதிரி குனிந்து நின்றது. போன் பண்ணிய பெண் பெயர் அஜிதா. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அவள் மட்டும்தான்.

“போன லீவுல வந்தப்ப பெங்களூர்ல இருந்து வாங்கிட்டு வந்தாரு. பழைய வண்டிதான். நான் இதத் தொடவே மாட்டேன் அண்ணே. கிட்ட போனா கண்ணாடிய விரிக்கும், லைட்ட மினுக்கும். ஆள் இருக்குற மாதிரி இருக்கு.”

“ஆள் ஒண்ணும் இல்ல மேடம், கம்ப்யூட்டர்” என்று ஜெப்சன் சிரித்தான். “சாவி கிட்ட வந்தா அது முழிச்சிடும். அவ்வளவுதான்.”

இந்த மாதிரி வண்டிகளுக்கு இரும்பு ஸ்பிரிங் கிடையாது. சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ரப்பர் பை. அதற்குள் அடைத்த காற்றில்தான் அத்தனை எடையும் நிற்கிறது. எந்த மூலை தாழ்கிறது, எந்த மூலை உயர்கிறது என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். உப்புக்காற்றில் ரப்பர் வெடித்திருக்கலாம், இல்லையென்றால் குழாய் இணைப்பில் கசிவு இருக்கலாம். எது என்று தெரிந்தால் சாமானுக்குச் சொல்லிவிடலாம்.

அவன் வண்டியை ஸ்டார்ட் செய்து, மூக்கை முடிந்த உயரத்துக்குத் தூக்கவைத்தான். மோட்டார் முனகி முனகி ஏற்றியது. பிறகு, தானாக உயரத்தை மாற்றக் கூடாது என்று வண்டிக்குச் சொல்லும் ஜாக் மோடைப் போட்டுப் பார்த்தான். பழுது இருக்கிறது, முடியாது என்று திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. மறுபடி போட்டான். மறுபடியும் அதே.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். வண்டியை ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இந்த இடத்தை அவன் பலமுறை யோசித்தான். அப்போது அவனுக்குத் தோன்றியதெல்லாம், சோப்புத் தண்ணீரை அடித்து எங்கே நுரை வருகிறது என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும் என்பதுதான்.

என்ஜினை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியை அஜிதாவிடம் கொடுத்தான்.

“இத வீட்டுக்குள்ள கடைசி ரூம்ல வையுங்கோ. நான் சொல்லாம இங்க கொண்டு வராண்டாம். வண்டி உறங்கட்டு.”

அவள் உள்ளே போனாள். அவன் இடது பக்கம் ஜாக்கை வைத்துத் தூக்கி, ஸ்டாண்டைக் கொடுத்து, ஸ்பிரே பாட்டிலோடு மல்லாந்து படுத்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ளே நகர்ந்தான். அடித்தான். குழாய் இணைப்பின் கழுத்தில் ஒரு குமிழி வந்தது. உடைந்தது. இன்னொன்று வந்தது.

“கிட்டிச்சு” என்று தனக்குத்தானே சொன்னான்.

அப்போதுதான் அடியில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. ராத்திரி மழையில் கற்களுக்கு அடியிலிருந்த கடல்மணல் கரைந்து போயிருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? ஸ்டாண்டின் ஒரு கால் கல்லோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. ஸ்டாண்ட் சாய்ந்தது. ஜாக் வழுக்கிப் பின்னால் போனது. வண்டி அவன்மேல் வந்தது.

சக்கரத்தைக் கழற்றாமல் இருந்ததால் அவன் பிழைத்தான். டயர் தரையில் மோதி நின்றது. ரப்பர் பைக்குள் மிச்சமிருந்த காற்று மற்றதைத் தாங்கியது. ஆனால் அடித்தகடு நெஞ்சின்மேல் உட்கார்ந்துவிட்டது. இடது கை உடம்போடு ஒட்டிச் சிக்கியது. வலது கை மட்டும் வெளியே கிடந்தது. மூச்சை விட முடிந்தது. இழுக்கத்தான் முடியவில்லை. கால்வாசி மூச்சு உள்ளே போவதற்குள் விலா எலும்பு தகட்டில் முட்டியது.

கத்த நினைத்தான். “ஆ” என்று ஒரு சின்ன சத்தம்தான் வந்தது.

ஆனால் ஜாக் விழுந்த சத்தம் அஜிதாவுக்குக் கேட்டிருந்தது. அவள் வாசலுக்கு ஓடி வந்து பார்த்தாள். காருக்கு வெளியே இரண்டு கால்களும் ஒரு கையும் தெரிந்தன. “ஐயோ மாதாவே” என்றவள், யோசிக்காமல் உள்ளே திரும்பி ஓடினாள். வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பின்னால் எடுத்தால் ஆள் வெளியே வந்துவிடுவார் என்று அவளுக்குப் பட்டது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

ஜெப்சனுக்கு அவள் பாதங்கள்தான் தெரிந்தன. வெறுங்கால், ஈரம். அந்தப் பாதங்கள் கிட்டே வந்ததும் மேலே கிறீச்சென்று கண்ணாடிகள் விரிந்தன. ஈரக் கல்லில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. வண்டி முழித்துவிட்டது.

பழுது என்று ஒருமுறை திரையில் எழுதிவிட்ட வண்டி அதன்பிறகு தன்னைத் தூக்கப் பார்க்காது. தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்ற மூலைகளை இறக்கும். ஷார்ஜாவில் அவனே புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். தலைக்குப் பக்கத்தில் எங்கேயோ வால்வு ஒன்று டக்கென்று திறந்தது. உஸ்ஸென்று காற்று வெளியேறியது. தகடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. விலாவில் ஏதோ ஒடிகிற சத்தத்தைக் காதால் அல்ல, உடம்பால் கேட்டான்.

அவளுடைய கால்கள் டிரைவர் கதவுப் பக்கம் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன.

“சாவி…” என்றான். அது அவனுக்கே கேட்கவில்லை. வெளியே கிடந்த கையால் தரையைப் படபடவென்று அடித்தான். கால்கள் நின்றன. திரும்பின. அவள் முகம் தரையோடு குனிந்து அவனைப் பார்த்தது.

“மக்கா… கதவத் தொறக்காத… சாவி… தூரப் போடு.”

“வண்டிய எடுக்கண்டாமா?”

“எடுத்தா… நான் செத்தேன். எறி.”

அவள் எழுந்து கையை ஓங்கி எறிந்தாள். சாவி மதிலைத் தாண்டித் தோப்பு மணலில் எங்கேயோ விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் அணைந்தது. உஸ் சத்தம் நின்றது.

ஆனால் இன்னொரு சத்தம் நிற்கவில்லை. அவன் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், குழாய்க் கழுத்தில் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தது. ஊதி, பளபளத்து, உடைந்து, மறுபடி ஊதியது. ஒவ்வொரு குமிழியும் பைக்குள்ளிருந்து போகும் காற்று. இந்த வண்டி சாவி இல்லாமலேயே, யாரும் தொடாமலேயே, மெல்ல மெல்ல அவன்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கண்ணை மூடினான். மூடினால் அந்தச் சின்ன சீற்றம் இன்னும் பெரிதாகக் கேட்டது. திறந்துகொண்டான்.

“அண்ணே, நான் என்ன செய்யணும்? சொல்லுங்கோ. என்ன செய்யணும்?” என்றாள்.

“கட்டை. தடியா… எதாவது. இந்த ஓரத்துல… அடியில குடு. எறங்காம… தடுக்கணும்.”

அவள் ஓடினாள். அவனுடைய ஜாக் அங்கேதான் கிடந்தது, ஆனால் கவிழ்ந்து, கைப்பிடி வண்டிக்கு அடியில் சிக்கியிருந்தது. திரும்பி வந்தபோது அவள் கையில் அம்மிக் குழவி இருந்தது. அது உள்ளே நுழையவில்லை. மறுபடி ஓடி, மீன் வெட்டும் புளியங்கட்டையைக் கொண்டு வந்தாள். அது நுழைந்தது. நுழைந்தும் மேலே இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

“இன்னும்… மேல.”

தேங்காய் துருவுகிற பலகை, ஜன்னலுக்கு வாங்கி மிஞ்சிய மரத்துண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு வந்தாள். மண்டியிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகினாள். கடைசியில் ஒரு விரல் இடைவெளி மிச்சமிருந்தது. அதற்குமேல் அடைக்க எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஒரு விரல் அளவுக்கு வண்டி இறங்கித்தான் தீரும். அதன் பிறகு கட்டையில் உட்காரும். அந்த ஒரு விரலைத் தன் நெஞ்சு தாங்குமா என்று ஜெப்சன் யோசித்தான். தாங்காது என்று தோன்றியது.

அவள் போனை எடுத்து மரியஜானை அழைத்தாள். மரியஜான் அவள் கணவனின் சித்தப்பா. துறையில் வள்ளம் வைத்திருப்பவர்.

“மாமா, ஓடி வாங்கோ! காருக்க அடியில ஒரு ஆளு கெடக்காரு! வள்ளம் ஏத்துற கட்டை எல்லாம் எடுத்துட்டு வாங்கோ! ஆளக் கூட்டிட்டு வாங்கோ!”

வைத்த உடனே போன் அடித்தது. ரெஜின், அவள் கணவன், கத்தாரிலிருந்து. வண்டி முழித்ததும் அவன் போனில் இருந்த ஆப் அவனுக்குத் தகவல் அனுப்பியிருந்தது.

“என்ன, வண்டி லாக் தொறந்துன்னு காட்டுது? மெக்கானிக் வந்தானா?”

அவள் அழுதுகொண்டே சொன்னாள். பதறியதில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டதால் ஜெப்சனுக்கும் எல்லாம் கேட்டது.

“ஏ அஜிதா, கரையாத. கேளு. நான் இங்க இருந்தே ஸ்டார்ட் பண்ணுகேன். ஆப்ல இருக்கு. ஸ்டார்ட் ஆச்சுன்னா அது தானா மேல எழும்பும். அன்னைக்கு ஒருக்கா நீ பாத்தல்லா? இப்பம் பண்ணுகேன்.”

ஜெப்சன் கை தரையை அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல மூச்சு வேண்டும். மூச்சு இல்லை. ஆயிரம் மைலுக்கும் அப்பால் ஒருவன் அவனைக் காப்பாற்றுவதற்காக விரலைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

“தொடாதீங்கோ!” என்று அஜிதா அலறினாள். “தொடாண்டாம்! தொட்டா அது கீழ எறங்கும்! அவரு சொல்லுகாரு!”

“உனக்கு என்ன தெரியும்? நான் இந்த வண்டிய ஒரு மாசம் ஓட்டுனவன். அது எழும்பத்தான் செய்யும்.”

“சாவிய கொண்டு வந்தப்பளே எறங்கிச்சு. என் கண்ணால கண்டேன். அந்த ஆளுக்க மூஞ்சிய நீங்க காணல்ல. நான் கண்டேன்.”

போனில் மூச்சு மட்டும் கேட்டது. அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அஜிதா வண்டியையே பார்த்தாள். கண்ணாடி விரியுமா, வெளிச்சம் வருமா என்று. ஜெப்சனும் அந்த வால்வின் டக் சத்தத்துக்காகக் காதைக் கூர்மையாக்கிக் கிடந்தான்.

அவள் திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வீடியோ கால் போடுங்கோ” என்றாள். குரல் மாறியிருந்தது.

“என்னத்துக்கு?”

“போடுங்கோ.”

ரெஜினின் முகம் திரையில் வந்தது. தலையில் மஞ்சள் ஹெல்மெட், பின்னால் வெயில்.

“போன எங்கயாவது சாரி வையுங்கோ. உங்க ரெண்டு கையும் எனக்குத் தெரியணும்.”

“கிறுக்கு பிடிச்சாட்டி உனக்கு?”

“ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுங்கோ. ஆளு வெளிய வருற வரைக்கும் எறக்காண்டாம். எறக்குனா நான் இந்த ஜென்மத்துல உங்ககிட்ட பேசமாட்டேன். பிள்ளைகளுக்கு மேல சத்தியம்.”

ரெஜின் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு போனைச் சாய்த்து வைத்தான். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினான். அஜிதா தன் போனைப் படியிலிருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் சாய்த்து வைத்துவிட்டு, ஜெப்சன் பக்கத்தில் தரையில் படுத்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு தொடல்ல. நான் பாத்துட்டே இருக்கேன். தொடல்ல.”

அவன் அவள் விரல்களை நெரித்தான். குமிழி ஊதியது. அந்த ஒரு விரல் இடைவெளி அரை விரலாகியிருந்தது. இப்போது அவன் மூச்சு நாய் இளைப்பது மாதிரி வந்துகொண்டிருந்தது. சபிதாவின் முகம் வந்தது. அவன் மனைவி. காலையில் அவளிடம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். அவளுக்கு யார் சொல்வார்கள்? அனில்குமார் சொல்வானா? அவனுக்கு இப்படி விஷயம் சொல்லத் தெரியாதே, நேராகப் போட்டு உடைத்துவிடுவானே என்று, சாகப் போகிற நேரத்தில் அதைப்போய் நினைத்துப் பயந்தான்.

ஆட்களின் சத்தம் கேட்டது. மரியஜானும் கடற்கரையிலிருந்து நாலைந்து பேரும் பனங்கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பின்னாலேயே குமாரதாஸ். மீன்பெட்டிகளுக்கு ஐஸ் கொண்டுவரும் டெம்போவின் டிரைவர். வண்டியை வாசலில் போட்டுவிட்டுக் குதித்து வந்தான்.

உதவ வந்தவர்களைக் கண்டதும் ஜெப்சனுக்குப் பயம் கூடத்தான் செய்தது. சுற்றிலும் கால்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“தூக்குலே! ஆளுக்கு ஒரு மூல பிடி!”

“ஏலே, பின்னால தள்ளுனா போரும்!”

ஒருவர் வண்டியின் ஓரத்தைப் பிடித்து அசைத்தே விட்டார். தகடு நெஞ்சில் ஆடியது. கண் முன்னால் எல்லாம் வெளுத்தது. குமாரதாஸ் டிரைவர் பக்கம் போய், “ஹேண்ட் பிரேக் போட்டிருக்கான்னு பாக்கட்டு” என்று கதவுப் பிடியில் கையை வைத்தான். பூட்டிய கதவுதான். ஆனாலும் அந்தப் பிடியை இழுத்தால்கூட வண்டி கண் விழிக்கும்.

அஜிதா பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். கையில் அந்தக் குழவி இல்லாதது அவன் நல்ல நேரம்.

“ஒருத்தரும் வண்டியத் தொடாண்டாம்! அவரு சொல்லுறதை மட்டும் செய்யுங்கோ! மாமா, இவங்களச் சும்மா இருக்கச் சொல்லுங்கோ!”

மரியஜான் எல்லாரையும் ஓரம் கட்டினார். பிறகு குனிந்து ஜெப்சனைப் பார்த்தார். கடலில் எத்தனையோ பார்த்த மனிதர். அவர் முகமும் வெளிறியது.

“சொல்லு மோனே. என்ன செய்யணும்?”

“மொதல்ல… கட்டை. ரெண்டு பக்கமும். பெறவு… ஜாக். கல்லுல வைக்காண்டாம்… பலகை மேல.”

அஜிதா ஒவ்வொரு வார்த்தையையும் உரக்கத் திருப்பிச் சொன்னாள். பனங்கட்டைகளை வண்டிக்கு அடியில் இரண்டு பக்கமும் செருகினார்கள். பலகைத் துண்டுகளை ஆப்பாக அடித்து மிச்ச இடைவெளியையும் அடைத்தார்கள். வண்டி கட்டையில் உட்கார்ந்தது. இனி இறங்காது. ஜெப்சனுக்கு அழுகை வந்தது, ஆனால் அழுவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

குமாரதாஸ் டெம்போவிலிருந்து பாட்டில் ஜாக்கைக் கொண்டு வந்தான். பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கை நிறுத்தி, மெல்ல அடித்தான். ஓரம் கொஞ்சம் எழும்பியது. ஜெப்சன் முதல்முறையாக ஒரு பாதி மூச்சை இழுத்தான். அப்போது பலகைக்கு அடியில் கல் கரகரத்தது.

அதே சத்தம்.

ஜெப்சன் இதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் போய்விட்டது. கால்களை உதைத்தான். தகட்டில் நெற்றியை மோதிக்கொண்டான். மூத்திரம் போனது. “வேண்டாம், வேண்டாம்” என்று அவன் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. ஜாக் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஆனால் பனங்கட்டை பிடித்துக்கொண்டது. வண்டி இருந்த இடத்திலேயே நின்றது.

“பொறவாசக் கதவக் கழத்து” என்றார் மரியஜான் யாரிடமோ. புது வீட்டின் கொல்லைப்புறக் கதவைக் கொக்கியோடு பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். அதைத் தரையில் விரித்து, அதன்மேல் ஜாக்கை வைத்தார்கள். குமாரதாஸ் ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி, கட்டையை ஏற்றி, மறுபடி அடித்தான்.

தகடு நெஞ்சைவிட்டு எழும்பியது. இரண்டு பேர் அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். வானம் வந்தது. மேகம் கலைந்து பளிச்சென்று இருந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். விலா குத்தியது. குத்தட்டும் என்று மறுபடி இழுத்தான்.

அஜிதா போனை நோக்கி ஓடினாள். திரையில் ரெஜின் அப்படியே நின்றிருந்தான். கைகள் தோளுக்கு மேலேயே இருந்தன. ஹெல்மெட்டுக்கு அடியில் முகம் முழுக்க வியர்வையோ கண்ணீரோ தெரியவில்லை.

“வெளிய வந்தாச்சு” என்றாள். “இனி எறக்குங்கோ.”

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் விலா எலும்பு இரண்டு ஒடிந்திருக்கிறது, நுரையீரலுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். சபிதா கட்டிலருகே உட்கார்ந்து அவன் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். ரெஜின் போன் பண்ணினான். “அண்ணே, நான் பட்டனுக்கு மேல விரல வச்சாச்சு. அவ வீடியோ போடச் சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்து” என்றான். வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் முழுசாக வந்தது. படுத்தால் கூரை இறங்குவது மாதிரி இருந்தது. அதனால் நாற்காலியில் சாய்ந்தே தூங்கினான். சபிதா குக்கர் வைத்தால் வெளியே எழுந்து போனான். விசிலுக்கு முன்னால் வரும் அந்த உஸ் சத்தம்தான் காரணம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு அவள் சோற்றைப் பானையில் வடித்தாள்.

ஒடிந்த எலும்பு சேர்ந்ததும் ஷெட்டுக்குப் போனான். கறுப்பு வண்டி அங்கேதான் நின்றது. பழுதான வண்டிகளைத் தூக்கும் லாரியில் ஏற்றி அனில்குமார் கொண்டு வந்திருந்தான். தோப்பு மணலில் தேடி எடுத்த சாவியும், மாற்ற வேண்டிய சாமானும் வந்திருந்தன.

“திருவனந்தபுரத்துக்கு அனுப்பிருவோம் மக்கா” என்றான் அனில்குமார். “எனக்கு இந்த காத்து விசயம் தெரியாது. நீயும் இத இனி தொடாண்டாம்.”

ஜெப்சன் லிஃப்டின் பட்டனை அமுக்கினான். வண்டி இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே ஆள் உயரத்துக்குமேல் போய் நின்றது. பூட்டு விழுந்ததை இரண்டு தரம் பார்த்தான். அடியில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினான். எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தான். பிறகு ஒரு அடி உள்ளே வைத்தான். உடனே வெளியே வந்து தண்ணீர் குடித்தான்.

இரண்டாம் தரம் உள்ளே போய் ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி போனான். மத்தியானத்துக்குள் முடிய வேண்டிய வேலை பொழுது சாயும் வரை நீண்டது. அனில்குமார் தன் வேலையைச் செய்யவில்லை. லிஃப்டின் சுவிட்சுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, யாரும் அதைத் தொடாதபடி அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அஜிதா ஷெட்டுக்கு வந்தாள். வண்டி நாலு காலிலும் நேராக நின்றது. ஜெப்சன் சாவியை நீட்டினான். அவள் அதை உடனே வாங்கவில்லை.

“விக்கச் சொல்லிட்டேன் அண்ணே” என்றாள். “அவருக்கும் சம்மதம்தான். ஆள் வரும். அதுவரைக்கும் இங்க நிக்கட்டா?”

“நிக்கட்டு.”

“உங்களுக்கு… இத தினம் பாக்க ஒருமாதிரி இருக்காதா?”

“இருக்கும்” என்றான். “கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிடுதேன்.”

அவள் போன பிறகு போன் வந்தது. குலசேகரத்திலிருந்து யாரோ. பெரிய ரப்பர் எஸ்டேட்காரர் குரல். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறதாம். வீட்டுக்கு வந்து ஐந்து நிமிஷம் அடியில் நுழைந்து பார்த்தால் போதுமாம்.

“வீட்டுல வச்சு நான் அடியில போகமாட்டேன் சார். லாரியில ஏத்தி ஷெட்டுக்கு அனுப்புங்கோ.”

“அஞ்சு நிமிசம்தான்வே. ஷார்ஜாவுல எல்லாம் வேல பாத்த ஆளுன்னு சொன்னாவ. இதுக்குப் போய் பயமா?” அந்த ஆள் சிரித்தார்.

“ஆமா சார், பயம்தான்” என்று சொல்லிவிட்டு ஜெப்சன் போனை வைத்தான்.